குடிக்காமல் வைத்த சர்பத்

சர்க்கரை கருகும் வாசனை வந்தால் எனக்கு டிசம்பர் மாதம் வந்துவிடும். மே மாத வெயிலில் சிதம்பரம் கீழவீதியில் நடந்து போகும்போது ஏதாவது ஒரு பலகாரக் கடை அடுப்பிலிருந்து அந்த வாசனை வந்தாலும் போதும், எங்கள் பழைய வீட்டின் பின்கட்டும், அம்மாவின் இரும்புச் சட்டியும், சுவரில் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்த மைதாப் பசையும் கண்முன் வந்து நிற்கும். சிறுவயது வாசனை என்றால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வருமாம். எனக்கு வராது. நான் அந்த இடத்தைத் தாண்டி வேகமாக நடந்து போய்விடுவேன்.

எங்கள் ஊர் கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகிற சாலையில், ஆலைகளை ஒட்டி இருந்தது. பெயரைச் சொல்ல விருப்பமில்லை. அங்கே இன்னும் இருக்கிறவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டியவர்கள். நாங்கள் காலனிக் கிறிஸ்தவர்கள். அப்பா பக்கத்திலிருந்த ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தார். அம்மா குமராட்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பெயர் ஆரோக்கியமேரி. வீட்டில் பிள்ளைகள் மூத்தவளான நானும் என் தம்பியும்.

கிறிஸ்மஸ் நெருங்கினால் எங்கள் தெருவில் சில வீடுகளில் திராட்சையைப் பிழிந்து ஜாடியில் ஊறப்போட்டு ஒயின் செய்வார்கள். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டாள். கர்த்தருடைய பிறப்பைச் சாக்காக வைத்து அப்பா ஜாடியையே காலி பண்ணிவிடுவார் என்பது அவள் கட்சி. அப்பா அதை மறுத்து நான் கேட்டதில்லை. அதனால் எங்கள் வீட்டில் இஞ்சி சர்பத். வெறும் சர்க்கரையை இரும்புச் சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் அது உருகி, தேன் நிறத்துக்கு வந்து, பிறகு சிவந்து, பிறகு கறுக்கத் தொடங்கும். கசந்து போவதற்குச் சற்று முன்னால் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ஊற்றினால் சட்டி சீறிக்கொண்டு பொங்கும். "தள்ளி நில்லுங்க, மூஞ்சில தெறிக்கும்" என்று அம்மா கத்துவாள், நாங்கள் தள்ளி நிற்க மாட்டோம். அதில் தட்டிய இஞ்சி, கிராம்பு, பட்டை, காட்டத்துக்கு ஒரு காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கழுவிக் காயவைத்த பாட்டில்களில் ஊற்றி வைப்பாள். அதற்குக் "கெட்டி" என்று பெயர். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் டம்ளரில் கொஞ்சம் கெட்டியை விட்டு, குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு, அவர் கண்ணெதிரே நிரப்பிக் கொடுப்பாள்.

கண்ணெதிரே என்பதுதான் முக்கியம். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். காலனியில் சொந்தக் கிணறு இருந்த வீடுகள் குறைவு. எங்களுடையது இளநீர்போல இனிக்கும் என்று பக்கத்துத் தெருக்களில் பேர். அம்மா சின்ன வயதில் குமராட்சியில் களையெடுக்கப் போன இடத்தில், தாகம் என்று கேட்டால், கொல்லைப்புறத்தில் குனிந்து கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்களாம். பாதி கையிலும் பாதி புடவையிலுமாக வழியும். அதை அவள் அழுதுகொண்டு சொன்னதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் சொல்லும்போது கை தானாகவே ஏந்திக்கொள்ளும். அப்படிப்பட்டவள் சொந்தக் கிணறு இருக்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தாள். "நம்ம வாசப்படி ஏறி வந்தவங்க நம்ம தண்ணியக் குடிக்காமப் போவக் கூடாது" என்பது அவள் அடிக்கடி சொல்கிற வார்த்தை. வருடம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? கிறிஸ்மஸ் அன்றுதான் வருவார்கள்.

அப்பாவின் கம்பெனி சூப்பர்வைசர் தண்டபாணி சார், ஊர்த்தெருக்காரர், முதல் தடவை வந்தபோது நான் ஒன்றாவதோ இரண்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அப்பா மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார், வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சர்பத்தைக் கலந்து நீட்டினாள். அவர் வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் குடும்மா, காட்டம் நல்லா இருக்கு" என்றார். அந்த வருடம் முழுக்க அம்மா இதைச் சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. மீன்காரம்மாவிடம்கூடச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சார் வருவதும், கூட ஒன்றிரண்டு பேரை அழைத்துவருவதும், வாய் வைத்துக் குடிப்பதும் வழக்கமாயிற்று. எங்களுக்குக் கிறிஸ்மஸ் என்றால் பூசை, புதுத்துணி, கேக். அம்மாவுக்குக் கிறிஸ்மஸ் என்றால் அந்த டம்ளர் காலியாகத் திரும்பி வருவதுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் நாலு வார்த்தை பாராட்டிவிட்டுப் போக வேண்டும் என்று மற்ற ஏற்பாடுகளும் தடபுடலாக நடக்கும். அப்பா மூங்கிலைச் சிம்பு சிம்பாகக் கிழித்து "ஸ்டார்" கட்டுவார். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு மாட்டி, முருங்கை மரத்தில் ஏற்றுவார். நானும் தம்பியும் கலர் பேப்பரை வெட்டி வளையம் வளையமாகக் கோத்துச் சங்கிலி செய்து, கூரை விட்டத்தில் இழுத்துக் கட்டுவோம். மைதாப் பசையை எலி தின்றுவிடும் என்பதால் அதில் அம்மா துளி மயில்துத்தம் கலப்பாள். குழந்தை இயேசுவை வைக்கிற குடில் மட்டும் முழுக்க முழுக்க அவள் பொறுப்பு. வைக்கோல் வேய்ந்து, கரித்துண்டுகளை அடுக்கி மலை செய்து, முன்னால் ஒரு தட்டில் மண் பரப்பி நெல் விதைத்து விடுவாள். பிறப்புக்கு முன்னால் அது நாற்றாக எழும்பி நிற்கும். பெத்லகேமில் நெல் வயல் உண்டா என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டதற்கு, "குமராட்சியில இருக்கு சாமி" என்று சொல்லிவிட்டாள். அந்த விதை நெல் ஒவ்வொரு வருடமும் அவளுடைய தம்பி, எங்கள் சவரி மாமா, குமராட்சியிலிருந்து கொடுத்தனுப்புவது.

நான் ஏழாவது படித்த வருடம் அந்த நாற்று சரியாக எழும்பவில்லை. முளைத்தது முளைத்தபடியே மஞ்சளாகி நுனி கருகிச் சாய்ந்தது. அம்மா மறுபடியும் விதைத்தாள். காலையிலும் மாலையிலும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். அதுவும் அப்படியே ஆயிற்று. அவளுக்குக் கோபம் தன் தம்பிமேல் திரும்பியது. நல்ல நெல்லை விற்றுவிட்டுப் பதரை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான் என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டுக் கிழித்தாள். "அக்காவுக்கு ஒரு பிடி வெதநெல்லு குடுக்கக்கூட ஒனக்கு மனசு வர்லயாடா? கிறிஸ்மஸும் அதுவுமா எம் மானத்த வாங்கிட்டியே" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. கடைசியில் குடிலுக்கு முன்னால் பச்சைக் கலர் ஜிகினாத் தாளை ஒட்டி ஒப்பேற்றினோம். தண்ணீரைப் பற்றி அம்மாவுக்கும் எங்களுக்கும் ஒரு நினைப்பும் வரவில்லை.

சர்பத் வழக்கம்போல வந்தது. அதே கறுப்பு, அதே காட்டம். கிறிஸ்மஸ் அன்று காலையில் பூசை முடிந்து வந்ததும் அம்மா கிணற்றில் புதுத் தண்ணீர் சேந்தி, குடத்தை விளக்கிப் பொட்டு வைக்காத குறையாக நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்டபாணி சாரும் கூட இரண்டு பேரும் வந்தார்கள். ஸ்டாரைப் பார்த்துப் பாராட்டினார்கள், குடிலைக் குனிந்து பார்த்தார்கள், என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள். அம்மா கலந்து கொடுத்த டம்ளரைச் சார் வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டு அப்பாவிடம் ஷிப்ட் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தார். கிளம்பும்போது அம்மா, "சார், குடிக்கவே இல்லயே" என்றதற்கு, "வயிறு சரியில்லம்மா, தப்பா நெனச்சிக்காத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கூட வந்தவர்களும் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அம்மா குனிந்து நிரம்பிய டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை.

"மூணு பேருக்கும் ஒரே நாள்ல வயிறு சரியில்லாம போச்சா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்.

"அவுரு பொண்ணுக்கு எடம் பாக்குறாங்களாம். நம்ம வூட்ல குடிச்சிருக்காருன்னு சம்பந்தி காதுல வுழுந்தா அசிங்கம். அதான். இத்தன வருசம் குடிச்சதெல்லாம் நடிப்பு. எனக்குத்தான் புத்தியில்ல, ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சேன்."

"அப்பிடியெல்லாம் இருக்காது ஆரோக்கியம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அம்மா பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிரியாணி வெந்து ஆறிக்கொண்டிருந்தது. பண்டிகை நாளில் தாய் அப்படி உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நானும் தம்பியும் புதுத்துணி கசங்காமல் சுவரோரமாக நின்றோம்.

மத்தியானத்துக்கு மேல் சவரி மாமா வந்தார். குமராட்சியில் மினி பஸ் ஏறி, சிதம்பரத்தில் மாறி, அக்காவிடம் வாங்கிய திட்டுக்குப் பதில் சொல்வதற்கென்றே வந்தவர். கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். அதில் நாற்று பச்சைப் பசேல் என்று நின்றது.

"நீ திட்டுன அதே நெல்லுதாங்க்கா. எங்கூட்ல போட்டுப் பாத்தேன். நல்லாப் பாரு, இது பதரா?"

அம்மா அதைப் பார்த்தாளே தவிர மனம் அதில் இல்லை. தம்பி வெயிலில் வந்திருக்கிறான் என்பதால் எழுந்து வழக்கம்போல ஒரு டம்ளர் சர்பத் கலந்து கொடுத்தாள். மாமா ஒரு மடக்கு வாயில் விட்டார். விழுங்காமல் வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஒனக்கும் வயிறு சரியில்லயாடா?" என்றாள் அம்மா.

"அக்கா, கோவப்படாத. இதுல என்னா வாட அடிக்குது? பூச்சி மருந்து டின்னக் கழுவி ஊத்துன மாதிரி இருக்கு." சர்பத்தை வைத்துவிட்டுக் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றி முகர்ந்தார். "தண்ணிதாங்க்கா. வெதயில ஒண்ணும் கொற இல்ல. இந்தத் தண்ணிய ஊத்துனா எந்த நெல்லு மொளைக்கும்?"

அம்மா அவர் வைத்த டம்ளரை எடுத்துக் குடித்தாள். முழுசாகக் குடித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயேடா" என்றாள். பிறகு ஒரு டம்ளர் வெறும் தண்ணீரை மொண்டு என்னிடம் கொடுத்தாள். நான் குடித்தேன். எப்போதும் குடிக்கிற தண்ணீர்தான். தம்பியும் குடித்துவிட்டு, "நல்லாத்தானம்மா இருக்கு" என்றான். சவரி மாமா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போது அது ஏன் என்று புரியவில்லை. குடித்தவர்கள் நாங்கள், அழுவது அவரா என்றுகூட நினைத்தேன்.

"அவுங்களுக்குத் தெரியாது மச்சான்" என்று அப்பா வாசலிலிருந்து சொன்னார். "நான் கம்பெனில கேன் தண்ணி குடிக்கிறேன். அதக் குடிச்சிட்டு வந்து வூட்ல குடிக்கும்போது தெரியும். ஒரு வருசமாவே லேசா இருக்கு. இப்பதான் ஜாஸ்தி."

"தெரிஞ்சிகிட்டேவா சும்மா இருந்த?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "பசங்க குடிக்குதே, ஏன் சொல்லல?"

"சொல்லி? வேற எந்தத் தண்ணி இருக்கு ஆரோக்கியம்?"

கழுவ வேண்டிய டம்ளர்களை வைத்துக்கொண்டு, அவற்றை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று தெரியாமல் அம்மா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். கிணறு ஏன் அப்படி ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது என்றார்கள், தூர் வாரவில்லை என்றார்கள், ஆலையைக் கைகாட்டினார்கள். அந்த ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள் என்பதால் பேச்சு எப்போதும் பாதியில் நின்றுவிடும். அதிகாரிகள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

அப்பா கிணற்றின்மேல் தகரத்தைப் போட்டுக் கல் வைத்து மூடினார். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் வாழ்க்கை தொடங்கியது. தம்பிக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த சிரங்குக்கும், பள்ளிக்கூடத்தில் என்னைச் சுருட்டிப் போட்ட வயிற்று வலிக்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அம்மா எந்த டாக்டரிடமும் கேட்கவும் இல்லை. தானே தீர்ப்பு எழுதித் தனக்கே கொடுத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குக் கையால் ஊற்றிக் கொடுத்தது நான்தானே என்று ஒருநாள் சமையலுக்கு நடுவில் சம்பந்தமில்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சர்க்கரையைக் கருக்கவே இல்லை.

இப்போது நாங்கள் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா இல்லை. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். பண்டிகைக்கு வேண்டியதெல்லாம் கடையில் கிடைக்கிறது: மடக்கி வைக்கிற பிளாஸ்டிக் ஸ்டார், வெள்ளையும் நீலமுமாக மின்னுகிற சீரியல் லைட், பஞ்சில் செய்த பனி, பொம்மைகளோடு சேர்த்தே விற்கிற குடில். மைதாப் பசை காய்ச்சத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் அடுக்குமாடியில் யாரும் இல்லை. விருந்தாளிகளுக்குக் கலர் பானமும் சீல் வைத்த தண்ணீர் பாட்டிலும் கொடுக்கிறோம். அவரவர் மூடியை அவரவரே திருகிக்கொள்கிறார்கள். இதில் யார் நம் கையால் வாங்கிக் குடித்தார், யார் குடிக்கவில்லை என்கிற பேச்சுக்கே இடமில்லை. சௌகரியம்தான். அம்மா இந்தச் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. தண்டபாணி சார் அன்றைக்கு வேண்டாம் என்று வைத்தது தண்ணீரையா, எங்களையா? தண்ணீரைத்தான் என்று நானும் தம்பியும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். "அப்பிடித்தான் இருக்கணும்" என்பாள். தண்ணீராக இருந்துவிட்டால் தன் வாழ்க்கையில் ஒரு விஷயமாவது மிஞ்சும் என்பதுபோலச் சொல்வாள்.

போன கிறிஸ்மஸுக்கு அவரே வந்தார். ரிட்டையராகி மகன் வீட்டோடு சிதம்பரத்துக்கு வந்துவிட்டவர், கடைத்தெருவில் என்னை அடையாளம் கண்டு விலாசம் கேட்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி அதே ஆள், அதே பிரியம். பாட்டிலைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னா இருந்தாலும் ஒஞ் சர்பத்து வருமாம்மா?" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

"கடைசியா வந்தப்ப நீங்க குடிக்கவே இல்லயே சார்" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எப்பிடிம்மா குடிக்கிறது? தண்ணி அப்பிடி நாத்தம். அதுக்கு முந்துன வருசமே லேசா இருந்திச்சி, கண்ண மூடிகிட்டுக் குடிச்சிட்டேன். அந்த வருசம் முடியல. நல்ல நாள் அதுவுமா ஒங்கிட்டப் போயி எப்பிடிச் சொல்றது, சங்கடமாப் போச்சி. அதான் வயிறு சரியில்லன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மாவும் கூடச் சிரித்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றாள். இனி அவளுக்கு நிம்மதி என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லவும் சொன்னேன். "பாத்தியாம்மா, தண்ணிதான். நாங்க சொன்னோமில்ல?"

அவள் சோபாவில் உட்கார்ந்து, அவர் மிச்சம் வைத்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதி பாத்துக் குடிக்காம இருந்திருந்தாக்கூடத் தேவலடி" என்றாள். "தண்ணி கெட்டிருக்குன்னு முந்துன வருசமே அவுருக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அங்கதான் நின்னுகிட்டிருந்தீங்க. ஒங்களப் பாத்து, என்னா படிக்கிறன்னு கேட்டுட்டு, எந்திரிச்சிப் போயிருக்காரு."